720-க்கு 576: ஒரே அளவு, வேற வேற உருவம்

காரைக்காலில் பழைய கல்யாண கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் வேலையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே பல குடும்பங்களில் ஒரே கல்யாணத்துக்கு இரண்டு நாட்டு வீடியோ இருக்கும். தாலி கட்டு இந்த ஊரில். ரிசெப்ஷன் பாரிஸில். காரைக்காலை இந்தியாவிடம் ஒப்படைத்த பிரெஞ்சு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்கள், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்கள், பிறகு அவர்கள் வழியாகப் போய்ச் சேர்ந்த உறவுக்காரர்கள் என்று பாதி ஊர் அங்கேயும் இங்கேயுமாக இருக்கிறது. வீடியோவும் அப்படியே.

கொஞ்ச நாள் முன்பு பாரிஸிலிருந்து லீவில் வந்த ஒரு அக்கா, இங்கே எடுத்த மினி டிவி (MiniDV) கேசட்டையும், அங்கே ஏதோ ஒரு கடையில் மாற்றி ஒரு பென்டிரைவில் வாங்கிய ஃபைலையும் கொண்டுவந்தார். “தம்பி, ரெண்டையும் சேத்து ஒரே படமாப் போட்டுக் குடு. பேரப்புள்ளைங்க டிவியில பாக்கணும்” என்றார். இரண்டு ஃபைலின் அளவும் ஒன்றுதான்: 720-க்கு 576. டைம்லைனில் அடுத்தடுத்து வைத்து ஓடவிட்டேன். காரைக்கால் பகுதியில் எல்லாரும் சரியாக இருந்தார்கள். பாரிஸ் பகுதி வந்ததும் மாப்பிள்ளை, பொண்ணு, கேக், மேசை எல்லாம் நெட்டையாக, ஒல்லியாக நின்றன. அக்கா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதுவே நல்லாத்தானே இருக்கு தம்பி. இப்படியே விட்டுடேன்.”

சரி, விஷயத்துக்கு வருவோம். அளவு ஒன்றாக இருந்தும் உருவம் ஏன் மாறுகிறது?

பிக்ஸல் சதுரமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை

இப்போதுள்ள போன், மானிட்டர், டிவி எல்லாவற்றிலும் பிக்ஸல் சதுரம். அகலமும் உயரமும் சமம். அதனால் 1920-க்கு 1080 என்றால் வகுத்துப் பார்த்து 16:9 என்று சொல்லிவிடலாம். கேசட் காலத்து டிஜிட்டல் வீடியோவில் அப்படி வகுத்தால் தப்பான விடைதான் கிடைக்கும்.

1982-இல் தொலைக்காட்சிப் படத்தை எண்களாக மாற்ற உலகப் பொதுவாக ஒரு விதி வந்தது. 601 என்று சொல்வார்கள். அப்போது உலகம் இரண்டாகக் கிடந்தது. இந்தியா, ஐரோப்பாவின் பெரும்பகுதி எல்லாம் 625 கோடு, நொடிக்கு 50 ஃபீல்டு (அரைப் படம்). அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் 525 கோடு, நொடிக்கு சுமார் 60 ஃபீல்டு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே கருவி வேலை செய்ய வேண்டும் என்று, இரண்டுக்கும் பொருந்தி வரும் ஒரு வேகத்தைப் பிடித்தார்கள்: நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறை, அதாவது 13.5 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தில் ஒரு கோட்டை அளந்தால் இரு பக்கமும் 720 புள்ளி கிடைக்கும்.

கோட்டுக்கு 720 புள்ளி என்பது பொது. ஆனால் கோடுகளின் எண்ணிக்கை வேறு. நம் ‘பால்’ முறையில் படத்துக்கு 576 கோடு, அமெரிக்க என்.டி.எஸ்.சி. முறையில் 480. இரண்டு பேர் வீட்டு டிவியும் 4:3 தான். டிவி கண்ணாடி மாறாது, கோட்டு எண்ணிக்கை மாறும் என்றால் எது வளைந்து கொடுக்கும்? பிக்ஸல்தான். நம் பக்கத்து பிக்ஸல் உயரத்தைவிடச் சுமார் 9 சதவீதம் அகலம். அமெரிக்கப் பக்கத்து பிக்ஸல் சுமார் 9 சதவீதம் ஒடுக்கம். மென்பொருள் மெனுவில் 1.094 என்றும் 0.9091 என்றும் பார்க்கும் எண்கள் இவைதான்.

பிறகு அகலத்திரை வந்தது. ஐரோப்பாவில் 16:9 டிவி நமக்கு முன்பே பரவியது. கேசட்டோ அதே கேசட், 720-க்கு 576 தவிர வேறு இடம் கிடையாது. எனவே அகலப் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி அதே இடத்தில் அடைத்தார்கள். பார்க்கும்போது டிவி அதை விரித்துக் காட்டும். இப்போது பிக்ஸல் அகலம் 1.4587.

சினிமாக்காரர்களுக்கு இது புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் ஆன்றி கிரெத்தியென் 1920-களிலேயே படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதியும் லென்ஸைச் செய்துவிட்டார். அதை வாங்கித்தான் ஹாலிவுட் 1953-இல் ‘தி ரோப்’ படத்தோடு சினிமாஸ்கோப்பை இறக்கியது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. ஃபிலிமைக் கையில் எடுத்துப் பார்த்தால் சிவாஜி பாதி அகலத்தில் இருப்பார். தியேட்டர் ப்ரொஜெக்டரில் அதற்கான லென்ஸை மாட்டினால்தான் ராஜராஜன் முழு உருவத்தில் வருவார்.

தியேட்டரில் அந்த வேலையை லென்ஸ் செய்தது. வீடியோ ஃபைலில் அதைச் செய்வது ஒரு சின்னக் குறிப்பு. “இதை 4:3 என்று காட்டு”, “இதை 16:9 என்று விரி” என்று ஃபைலுக்குள் எங்கேயோ எழுதியிருக்கும் ஒரு வரி. அந்தக் குறிப்பு தொலைந்தால் சிக்கல். இருந்து, தப்பாக இருந்தால் இன்னும் பெரிய சிக்கல்.

குறிப்பு எங்கே தொலைகிறது?

கேமராவிலிருந்து ஃபயர்வயர் வழியாக மினி டிவி கேசட்டை ஏற்றினால் பெரும்பாலும் தொலையாது. டேப்பில் இருக்கும் எண்கள் அப்படியே கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. இடம் பிடிக்கும்; கவலைப்படாதீர்கள், இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது ஒன்றுமில்லை.

தொலைவது வேறு வழிகளில். மலிவான யு.எஸ்.பி. கேப்சர் குச்சி முதல் குற்றவாளி. மஞ்சள் வயர் வழியாக வரும் படத்துக்கு அகலம் நீளம் தெரியாது. குச்சி அதை 720-க்கு 576 என்று பிடித்து, பிக்ஸல் சதுரம் என்று தானாக முத்திரை குத்திவிடும். அக்காவின் பாரிஸ் ஃபைல் இப்படி வந்ததுதான். அங்கே 16:9-இல் எடுத்த படம், குச்சி வழியாக வந்ததில் குறிப்பை இழந்துவிட்டது.

இரண்டாவது, மஞ்சள் வயரை எச்.டி.எம்.ஐ. ஆக்கும் சின்னப் பெட்டி. இது குறிப்பைத் தொலைப்பதோடு நிற்பதில்லை, 4:3 படத்தை 1920-க்கு 1080 முழுவதும் இழுத்துப் பரப்பியே அனுப்பும். ஃபைலைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். சதுர பிக்ஸல், 16:9, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆள் மட்டும் மூன்றில் ஒரு பங்கு பெருத்திருப்பார்.

மூன்றாவது, வாட்ஸ்அப்பில் அனுப்ப, போனில் பார்க்க என்று போகிற போக்கில் மாற்றும் ‘கன்வெர்ட்டர்’கள். சில குறிப்பை மதிக்கும், சில மதிக்காது.

எண்ணை நம்பாதே, வட்டத்தைப் பார்

ஒரு ஃபைல் வந்ததும் நான் முதலில் மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் போட்டு என்ன குறிப்பு இருக்கிறது என்று பார்ப்பேன். பார்ப்பேனே தவிர, நம்புவதில்லை. படத்துக்குள் நிஜமாகவே வட்டமான ஒரு பொருளைத் தேடுவேன்.

எந்தப் பொருள் என்பதில் கவனம் வேண்டும். குத்துவிளக்குத் தட்டு வட்டம்தான், ஆனால் மேலிருந்து சாய்வாகத் தெரியும். ஆரத்தித் தட்டும் அப்படியே. நெற்றிப் பொட்டு வைத்தவர் கையைப் பொறுத்தது. மாங்கனித் திருவிழா வீடியோ என்றால் ஒன்றும் கேட்க வேண்டாம்: பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்து இறைக்கிற மாம்பழத்தை வைத்து எவனும் வட்டம் பார்க்க முடியாது. தவிர, ஒல்லியான பேயுருவம் அந்தத் திருவிழாவின் நாயகி காரைக்கால் அம்மையார் கேட்டு வாங்கிய வரம். நாம் ஊருக்கெல்லாம் தரக் கூடாது.

கல்யாண வீடியோவில் எனக்குக் கைகொடுப்பவை இரண்டு. ஒன்று மண்டபத்துச் சுவர்க் கடிகாரம். இன்னொன்று மாப்பிள்ளை அழைப்புக் கார். பழைய கேசட் என்றால் பெரும்பாலும் பூமாலை சுற்றிய அம்பாசிடர். பாரதியார் சாலையில் கார் மெதுவாகக் கடக்கும்போது வீடியோக்காரர் பக்கவாட்டில் நின்று எடுத்திருப்பார். டயரை அளக்காதீர்கள், அடியில் அமுங்கியிருக்கும். நடுவில் பளபளக்கும் வீல் கப்பை அளங்கள். அதுவும் சக்கரம் ஃப்ரேமின் நடுவே வரும் நொடியில். ஓரத்தில் வந்தால் லென்ஸே அதைக் கொஞ்சம் இழுத்திருக்கும்.

அளக்கும் முறை: மென்பொருளில் முதலில் பிக்ஸலைச் சதுரம் என்று வைத்து, அந்த ஃப்ரேமைப் படமாக எடுத்து, போட்டோஷாப்பில் வட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் பிக்ஸலில் அளக்க வேண்டும். அகலத்தை உயரத்தால் வகுக்க வேண்டும். 0.91 அக்கம்பக்கம் வந்தால் நம்மூர் 4:3. 0.69 வந்தால் நெருக்கி அடைத்த 16:9. 1.1 வந்தால் அமெரிக்க 4:3. 0.75 வந்தால், அது 1440 அகல எச்.டி.வி. (HDV) கேசட், அதைப் பின்னால் சொல்கிறேன். 1.33 வந்தால், எச்.டி.எம்.ஐ. பெட்டி இழுத்து வைத்த படம். சரியாக 1 வந்தால் கையை வைக்க வேண்டாம்.

அக்காவின் கேசட்டில் வீல் கப் 118 கோடு உயரம், 108 பிக்ஸல் அகலம். 0.915. பாரிஸ் ஃபைலில் மண்டபச் சுவரில் ஒரு கடிகாரம், 96 உயரம், 66 அகலம். 0.6875. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

திருத்துவது எங்கே?

டைம்லைனில் கிளிப்பைப் பிடித்து அகலத்தை இழுத்துச் சரிக்கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குச் சரியாக வரும். ஆனால் அந்தத் திருத்தம் அந்த ஒரு துண்டுக்குத்தான். அதே ஃபைலிலிருந்து அடுத்த துண்டை எடுத்துப் போட்டால் மறுபடி இழுக்க வேண்டும். நூறு துண்டில் ஒன்றில் கை மாறினாலும், ஒரே ஆள் ஒரு ஷாட்டில் குண்டாகவும் அடுத்த ஷாட்டில் சரியாகவும் இருப்பார்.

திருத்த வேண்டிய இடம் ஃபைல் உள்ளே நுழையும் வாசல். ப்ரீமியரில் கிளிப்பை வலது க்ளிக் செய்து, மாடிஃபை, இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ் என்று போனால் பிக்ஸல் விகிதத்தை நாமே சொல்லலாம். டாவின்சி ரிசால்வில் கிளிப் ஆட்ரிப்யூட்ஸ். நம் பக்கத்து ஸ்டூடியோக்களில் நிறையப் பேர் வைத்திருக்கும் எடியஸில் கிளிப்பின் ப்ராபர்ட்டீஸ். எல்லாவற்றிலும் வேலை ஒன்றே: படத்தைத் தொடாமல், அதை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் மாற்றுவது. அதற்குப் பிறகு அந்த ஃபைலிலிருந்து எத்தனை துண்டு வெட்டினாலும் எல்லாம் சரியாக வரும்.

ஃபைலையே சரிசெய்து வாடிக்கையாளரிடம் கொடுக்க வேண்டும் என்றால், எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவசக் கருவியில் படத்தை மறுபடி என்கோடு செய்யாமலேயே அந்தக் குறிப்பை மட்டும் மாற்றி எழுதலாம். ஒரு மணி நேரப் படத்துக்கும் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். தரம் ஒரு இம்மி குறையாது.

எச்.டி.எம்.ஐ. பெட்டி இழுத்த ஃபைலுக்கும் இதே வாசல்தான், விகிதத்தை 0.75 என்று சொல்ல வேண்டும். அந்த எண் மெனுவில் இல்லாத மென்பொருள் என்றால் அகலத்தை 75 சதவீதமாகக் குறைத்து ஒரு புது ஃபைல் எடுத்துவிட்டு, அதை வைத்து வேலை செய்யுங்கள். உருவம் சரியாகிவிடும், ஆனால் பெட்டி நடுவில் செய்த குளறுபடியால் போன கூர்மை திரும்பாது. கேசட் இன்னும் இருந்தால் மறுபடி ஒழுங்காக ஏற்றுவதே நல்லது.

1440-க்கு 1080 என்ற பொறி

இதில் அனுபவசாலிகளும் விழுவார்கள். 1440-ஐ 1080-ஆல் வகுத்தால் 4:3 வருகிறது. எனவே 4:3 படம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எச்.டி.வி. கேமராக்கள் 16:9 படத்தையே 1440-க்கு 1080 என்றுதான் டேப்பில் பதிந்தன. பிக்ஸல் அகலம் 1.333. இடம் மிச்சம் பிடிக்கச் செய்த வேலை.

மறுபக்கம், பழைய 4:3 கேசட்டை எச்.டி. உயரத்துக்கு ஏற்றி சதுர பிக்ஸலில் எடுத்தால் அதுவும் 1440-க்கு 1080 தான் வரும். ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒன்று விரிய வேண்டியது, மற்றது விரியக் கூடாதது. அளவை மட்டும் பார்த்து “எல்லா 1440-ஐயும் ஒரே மாதிரி செட் பண்ணு” என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனால், வந்து பார்க்கும்போது பாதி ஊர் பெருத்திருக்கும்.

768-ஆ, 788-ஆ?

பழைய ப்ரீமியரில் வேலை செய்தவர்களுக்கு 1.067 என்ற எண் நினைவிருக்கும். 2008-இல் வந்த சி.எஸ்.4-இல் அது 1.094 ஆனது. எது சரி என்று அப்போது பெரிய குழப்பம்.

காரணம் இதுதான். டிவி கோட்டில் படம் இருக்கும் நேரம் 52 மைக்ரோ செகண்ட். 13.5 மெகாஹெர்ட்ஸில் அளந்தால் அது 702 பிக்ஸல். 720-இல் மீதி இரு ஓரத்திலும் விட்ட தாராளம். 4:3 என்பது அந்த உள் பகுதிக்குத்தான், முழு 720-க்கு அல்ல. பழைய எண் முழு 720-ஐயும் 4:3 என்று எடுத்து 768-க்கு விரித்தது. புது எண் சரியாக 788-க்கு விரிக்கிறது. வித்தியாசம் இரண்டரை சதவீதம். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரே ஷாட்டின் இரண்டு பிரதியை மாற்றி மாற்றி வைத்தால் முகம் லேசாக மூச்சு விடுவது தெரியும்.

நான் செய்வது: இரு ஓரத்திலும் 8 பிக்ஸலை வெட்டிவிட்டு 704-ஐ மட்டும் வைத்துக்கொள்வேன். அந்த ஓரத்தில் பெரும்பாலும் கருப்புக் கோடோ கலங்கலோதான் இருக்கும். 704-க்கு 576 என்பது திருத்தமான 4:3-ஆக விரியும், அகலத்திரை என்றால் திருத்தமான 16:9-ஆக. கணக்கு சுத்தம்.

எச்.டி.க்கு ஏற்றுவதற்கு முன் இன்னொன்று. கேசட் படம் ஒற்றைப்படைக் கோடு, இரட்டைப்படைக் கோடு என்று இரண்டு ஃபீல்டாக வருகிறது. அகலத்தை மாற்றுவதால் ஃபீல்டுக்கு ஒன்றும் ஆகாது. உயரத்தை மாற்றினால் கோடுகள் கலந்து, கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் தெரியும். எனவே முதலில் டீ-இன்டர்லேஸ் (ஃபீல்டுகளை முழுப் படமாக்குவது), பிறகுதான் உயரம். வரிசை மாறக் கூடாது.

பிரான்ஸ் கேசட்டின் கருப்பு வெள்ளை

பாரிஸ் வி.எச்.எஸ். கேசட்டை நம்மூர் டெக்கில் போட்டால் சில சமயம் கருப்பு வெள்ளையில் ஓடும். “கேசட் கெட்டுப்போச்சு” என்று பயந்துகொண்டு வருவார்கள். கெடவில்லை. பிரான்ஸில் அப்போது நிறத்தைப் பதிய செகாம் என்ற வேறு முறை. நம் ‘பால்’ டெக்குக்கு அந்த நிறம் புரியாது. செகாம் தெரிந்த டெக் கிடைத்தால் நிறம் வந்துவிடும். உருவக் கணக்கில் மட்டும் தொல்லை இல்லை: அங்கேயும் 625 கோடு, 50 ஃபீல்டு, எனவே அதே 720, அதே 576, அதே 1.094. மினி டிவி காலத்துக்கு வந்தால் இந்த நிறத் தகராறும் கிடையாது. கனடா, அமெரிக்காவிலிருந்து வரும் கேசட்தான் நிறம், உருவம் இரண்டிலும் வேறு.

“டிவி முழுக்க வரணும்”

தொழில்நுட்பத்தைச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு. 4:3 படத்தை 16:9 டிவியில் சரியாக வைத்தால் இரு பக்கமும் 240 பிக்ஸல் கருப்பு வரும். “அவ்வளவு பெரிய டிவி வாங்கி வெச்சிருக்கோம், சைடுல ஏன் கருப்பா இருக்கு?” இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை.

இழுத்துப் பரப்பினால் ஆள் பெருப்பார். பெருக்காமல் முழுத் திரையும் வேண்டும் என்றால் மேலும் கீழுமாகக் கால் பங்கு படத்தை வெட்ட வேண்டும். பழைய வீடியோக்காரர்கள் 4:3-க்குத்தான் ஃப்ரேம் வைத்தார்கள். மேலே வெட்டினால் மாமனார் தலை போகும், கீழே வெட்டினால் தாலி கட்டும் கையே போகும். நான் வெட்டுவதில்லை. பக்கத்தில் அதே படத்தை மங்கலாக்கி வைக்கச் சொல்லிக் கேட்கிறவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்காது, கேட்டால் வைத்துத் தருவேன். முகம் சிதையவில்லை அல்லவா, அது போதும். இழுத்துத் தரச் சொன்னால் மட்டும் முடியாது என்று சொல்லிவிடுவேன். டிவி ரிமோட்டிலேயே அதற்குப் பட்டன் இருக்கிறது, வேண்டியவர்கள் வீட்டில் இழுத்துக்கொள்ளட்டும். நான் ஃபைலில் இழுத்துவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த உருவம்தான் மிஞ்சும்.

அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன். பாரிஸ் பகுதி முழுத் திரையில், காரைக்கால் பகுதி பக்கத்தில் கருப்போடு. “அப்ப நான் ஒல்லியா வர்றதுக்கு வழியே இல்லியா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஒப்புக்கொண்டார்.

நீங்கள் செய்யக்கூடியது

வீட்டில் கேசட் இருந்தால், கடைக்குக் கொடுக்கும் முன் மூன்றே விஷயம் கேளுங்கள். எந்தக் கருவியில் ஏற்றுவீர்கள்? ஏற்றிய மூல ஃபைலையும் தருவீர்களா, வெட்டித் தொகுத்ததை மட்டும்தானா? 4:3 படத்தை 4:3-ஆகவே தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு “எச்.டி. ஆக்கி முழு ஸ்க்ரீனுக்குத் தர்றோம்” என்று பெருமையாகப் பதில் வந்தால், கேசட்டை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

ஃபைல் கைக்கு வந்ததும் அதன் பெயரிலேயே எழுதி வையுங்கள்: எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தக் கேமரா, 4:3-ஆ 16:9-ஆ. ஃபைலுக்குள் இருக்கும் குறிப்பை எந்த மென்பொருளும் அழிக்கலாம்; பெயரில் இருப்பதை நீங்கள் அழித்தால்தான் உண்டு. கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கடற்கரை ஊர், ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும், எனவே டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு மேல் தட்டில் வையுங்கள். ஃபைலில் சந்தேகம் வந்தால் திரும்பிப் போக அது ஒன்றுதான் இருக்கிறது.